கொக்கிளாய்க்கு அங்கால் உள்ள சட்டம்

என்னுடைய கடையில் ஒரு போட்டோக் கொப்பி மெஷின், ஒரு கொம்பியூட்டர், நாலு பிளாஸ்டிக் கதிரை. திருகோணமலையில் கோர்ட்டுக்குப் போகிற தெருவில் இருக்கிறது. கடதாசிப் பெட்டியை வாசலில் வைத்தால் தெருவில் திரிகிற மான் வந்து தின்றுவிடும் என்பதால் உள்ளே, என் காலுக்குக் கீழே வைத்திருக்கிறேன். அடையாள அட்டை கொப்பி எடுக்க வருகிறவர்கள் எடுத்துக்கொண்டு பேசாமல் போவதில்லை. கொப்பி சுடச்சுட வெளியே வருவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும். "மிஸ், ஒரு சின்ன விசயம்" என்றுதான் தொடங்குவார்கள். அப்படித் தொடங்கின எதுவும் சின்னதாக இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

கடை போடுமுன் பதினெட்டு வருடம் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க்காக இருந்தேன். அவர் காணிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசும்கூட. உறுதி எழுதுவது, மனு டைப் பண்ணுவது, காணிப் பதிவகத்தில் தூசி தட்டித் தேடுவது எல்லாம் அங்கே பழகியதுதான். படித்துப் பாஸ் பண்ணவில்லையே தவிர எனக்குச் சட்டம் தெரியும் என்று தெருவே சொன்னது. தெரு சொன்னதை நானும் நம்பினேன்.

என்ன கேள்விகள் என்கிறீர்கள்! கிண்ணியாவிலிருந்து நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் அண்ணர், மோட்டார் சைக்கிளோடு குழியில் விழுந்து கையில் மாவுக்கட்டோடு வந்து கேட்டார்: "தங்கச்சி, இந்தக் குழி கொழும்புக்குச் சொந்தமா, மாகாணத்துக்குச் சொந்தமா? ஆருக்கு மேல கேஸ் போடுற?" பெரிய தெரு மத்திய அரசுடையது. அதிலிருந்து பிரிகிற தெரு மாகாண சபைக்குரியது. ஒழுங்கை நகரசபை. அந்த மனிதர் விழுந்த குழியோ மூன்றும் சந்திக்கிற இடத்தில் இருந்தது. மூன்று இடத்துக்கும் மூன்று கடிதம் டைப் பண்ணிக் கொடுத்தேன். மூன்றிலிருந்தும் "எமது பொறுப்புக்குரியதல்ல" என்று வலு மரியாதையாகப் பதில் வந்தது. கை சுகமாகிவிட்டது, குழி இன்னும் இருக்கிறது.

கப்பல்துறையிலிருந்து வருகிறவர்கள் அரசாங்கம் பெர்மிட்டில் கொடுத்த காணியைப் பற்றிக் கேட்பார்கள். அது மாகாணமா மத்தியா என்று கேட்டால் மந்திரிமாருக்கே தலை சுற்றும். மூதூரிலிருந்து வருகிற முஸ்லிம் பெண்கள் புருஷன் தர வேண்டிய தாபரிப்புக் காசுக்குக் காதி கோர்ட்டுக்குப் போவதா, பொலிசுக்குப் போவதா என்று கேட்பார்கள். இந்தச் சின்ன நாட்டில் ஒரே ஒழுங்கையில் மூன்று வீடு இருந்தால் மூன்றுக்கும் கலியாணச் சட்டம் வேறு வேறாக இருக்கும். முஸ்லிம் ஆட்களுக்கு அவர்களுடைய சட்டம். யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமை என்று ஒரு பழைய சட்டம். எங்களைப் போல மற்ற ஆட்களுக்குப் பொதுச் சட்டம். இதையெல்லாம் நான் மூச்சு விடாமல் சொல்வேன். ஆள் கேள்வியை முடிக்குமுன் பதிலைச் சொல்லிவிடுவேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. இருந்தது என்ன, கொழுப்பு என்றே சொல்லலாம்.

சல்லி என்ற கரையோர ஊரிலிருந்து அந்தப் பெண், சல்லிக்காரி, வந்த அன்று கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலிக்கொடி. கருவாடு காயப்போடுகிற கை, விரல் இடுக்கெல்லாம் உப்பில் வெடித்திருந்தது. ஒரு பழைய உறுதியைக் கொப்பி எடுக்கத் தந்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, என்ர வீட்டை என்ர பிள்ளைக்கு எழுத ஆரிட்டையும் கேக்கோணுமோ?"

"உறுதி ஆற்ற பேரில?"

"என்ர பேரிலதான். அம்மா எனக்குச் சீதனமாத் தந்தது. மகளுக்குக் கலியாணம் சரிவந்திருக்கு, துறைமுகத்தில கிரேன் ஓடுற பொடியன்."

"பிறகென்ன? உங்கட வீடு, உங்கட பிள்ளை. ஆரிட்டைக் கேக்கிறது?"

"இல்லையக்கா, என்ர அவர் யாழ்ப்பாணப் பக்கத்து ஆள். அங்கத்தைய சட்டப்படி புருஷன்ர கையெழுத்து..."

நான் முடிக்க விடவில்லை. பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், மெஷினில் கடதாசி சிக்கியிருக்கிறது. "தங்கச்சி, அந்தச் சட்டமெல்லாம் கொக்கிளாய்க்கு அங்கால, வடக்கிலதான். இது திருகோணமலை. இஞ்ச பொம்பிளையின்ர சொத்து பொம்பிளைக்கு. நொத்தாரிசு கேட்டா மனுசன்ர ஊர் சல்லி எண்டு சொல்லிவிடுங்கோ. வீண் கதை வளர்க்க வேண்டாம்."

அவள் முகம் தெளிந்தது. "பெரிய உதவியக்கா" என்று கையைப் பிடித்தாள். நானே என் பழைய சட்டத்தரணி சேரிடம் அனுப்பிவைத்தேன். அவர் நன்கொடை உறுதி எழுதினார். எழுதும்போது கணவர் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். நான் சொல்லிக்கொடுத்தபடி அவள் சல்லி என்று சொல்லியிருக்கிறாள்.

எங்கள் கரையில் கலியாணமென்றால் பெண்ணுக்கு வீடு வேண்டும். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் வருவார். வீடு எழுதாமல் நாள் வைக்க மாட்டார்கள். தாய் மகளுக்கு எழுதுவாள், அந்த மகள் தன் மகளுக்கு எழுதுவாள். சல்லிக்காரிக்கு ஒரே பிள்ளை, ஒரே வீடு. மூன்று அறை, ஓடு போட்டது, கடலைப் பார்த்த வாசல். அவள் புருஷன் வடமராட்சிக் கரையிலிருந்து மீன்பிடிக்க வந்தவர். வடக்கத்திய ஆட்கள் கடல் அமரும் மாதங்களில் வந்து எங்கள் கரையில் வாடி என்கிற ஓலைக்குடில் போட்டுத் தொழில் செய்துவிட்டு, வாடைக்காற்று கிளம்பமுன் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். அப்படி வந்த ஒருவர் சல்லியில் பெண் எடுத்தார். மூன்று நாலு வருடம் வருவதும் போவதுமாக இருந்தார். சண்டை திரும்ப மூண்ட வருடம் ஊருக்குப் போனார். யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். நான் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள்.

கலியாணத்துக்கு ஆறு கிழமை இருக்கும்போது அவள் திரும்ப வந்தாள். உறுதியைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். கொப்பி எடுக்க நின்றவர்கள் எல்லாரும் போகும்வரை கதிரையில் காத்திருந்தாள். பிறகு சொன்னாள்.

"அக்கா, நீங்கள் சொன்னது பிழையாம்."

"எது பிழை?"

"மாப்பிள்ளையின்ர தமையன் உறுதியை ஒரு லோயரிட்டைக் காட்டினவராம். புருஷன் யாழ்ப்பாணத்து ஆள் எண்டா அவற்ற சம்மதம் இல்லாத உறுதி செல்லாது எண்டு சொல்லிப்போட்டாராம். வீட்டை ஒழுங்கா எழுதித் தாங்கோ, இல்லாட்டி கலியாண நாளை மாத்துவம் எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டினம். நாளை மாத்துவம் எண்டா என்ன அர்த்தமெண்டு எனக்குத் தெரியும்."

எனக்கு வந்ததே கோபம்! "எந்த லோயர் சொன்னவர்? புத்தகம் படிச்சுத்தான் பாஸ் பண்ணினவரோ?" என்று கத்திவிட்டு, கடையைப் பூட்டி, அவளையும் இழுத்துக்கொண்டு சேருடைய ஒப்பீசுக்குப் போனேன்.

சேர் உறுதியை வாசித்தார். பிறகு அவளைப் பார்த்து, "புருஷன் எந்த ஊர்? இந்தமுறை சரியாச் சொல்லுங்கோ" என்றார். அவள் சொன்னாள். அவர் அலுமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, எனக்குப் புரியவேண்டுமென்பது போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். கணவன் மனைவி விசயத்தில் தேசவழமை மண்ணோடு ஒட்டின சட்டமில்லை, ஆளோடு ஒட்டினது. அந்தச் சட்டத்துக்குட்பட்ட ஆணை முடிக்கிற பெண், அவள் எந்த ஊர்க்காரியாக இருந்தாலும், கலியாணம் இருக்கும்வரை அந்தச் சட்டத்துக்குள் போய்விடுகிறாள். பிறகு தன் சொந்தச் சீதன வீட்டைக்கூட அவர் எழுத்தில் சம்மதம் தராமல் விற்கவோ கொடுக்கவோ ஏலாது.

கொக்கிளாயாம் அங்காலாம்! அந்த மனிதர் வள்ளத்தில் வலையோடும் எஞ்சினோடும் வந்தபோது சட்டத்தையும் கூடவே கொண்டுவந்திருக்கிறார். சல்லிக்காரி அதைத்தானே என்னிடம் கேட்க வந்தாள். அவளுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது, நான்தான் வாயை அடைத்தேன்.

"சல்லி எண்டு சொல்லச் சொல்லி இவவுக்கு ஆர் சொன்னது?" என்று சேர் கேட்டார். சல்லிக்காரி என்னைப் பார்க்காமல், "நானாத்தான் சொன்னனான் சேர்" என்றாள். நிலம் பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது.

இரண்டு வழி இருக்கிறதென்றார் சேர். ஒன்று, அவருடைய சம்மதத்தை இரண்டு சாட்சியோடு எழுத்தில் வாங்கிவந்தால் புது உறுதி எழுதலாம். மற்றது, மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போடலாம். கணவன் கைவிட்டுப் போய்விட்டார் என்று காட்டினால் அவர் சம்மதமில்லாமலே எழுத நீதிமன்றம் அனுமதி தரும். மாதக்கணக்காகும். ஆனாலும் மனுப் போட்டிருக்கிறோம் என்று காட்டினால் மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. கடைக்கு வந்து உடனேயே சத்தியக்கடதாசி டைப் பண்ணத் தொடங்கினேன். "மேற்படி எனது கணவர் என்னைக் கைவிட்டுச் சென்றுள்ளார்" என்று வாசித்துக் காட்டினேன்.

"அப்பிடி எழுத வேண்டாம் அக்கா."

"வேற எப்பிடி எழுதுறது?"

"அவர் கைவிடேல்லை. பாதை பூட்டினதால வரேல்லை."

என் நாக்கைச் சுட வேண்டும். "தங்கச்சி, பாதை திறந்து பதினைஞ்சு வருஷத்துக்கு மேல!" என்று சொல்லிவிட்டேன். சத்தமாகத்தான் சொன்னேன். கொப்பிக்கு நின்ற ஒரு ரியூசன் மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். சல்லிக்காரி அழவில்லை. இடுப்பில் செருகியிருந்த சின்னப் பையைத் திறந்து மடித்த துண்டு ஒன்றை எடுத்தாள். அதில் ஒரு விலாசம் இருந்தது. மீன் லொறி ஓடுகிற ஒருவர் எழுதிக் கொடுத்ததாம். கடதாசி மடிப்புகளில் கிழிந்து பழுப்பாகிப் போயிருந்தது. எத்தனை வருடமாக வைத்திருக்கிறாளோ.

"கையெழுத்தையே வாங்குவம்" என்றாள். "நீங்களும் வாங்கோ அக்கா. எனக்கு அந்தக் கடதாசிக் கதையெல்லாம் கதைக்கத் தெரியாது."

போகாமல் இருக்க எனக்கு என்ன முகம் இருக்கிறது? அடுத்த நாள் விடிய முதல் பஸ்சில் ஏறினோம். மகளிடம் கோயில் நேர்த்தி என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். நல்ல சேலை உடுத்தியிருந்தாள், தலையில் பூ வைத்திருந்தாள். வவுனியாவில் பஸ் நின்றபோது கைக்கண்ணாடி எடுத்துக் குங்குமத்தைச் சரிசெய்தாள். நான் வடை வாங்கிக் கொடுத்தேன்.

வடமராட்சியில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்கும்போது பின்னேரம் இரண்டு மணி. கரையோரத்தில் கல்வீடு, முற்றத்தில் வேப்பமரம். அதற்குக் கீழே ஒருவர் எஞ்சினைக் கழற்றிப்போட்டு எண்ணெய்க் கையோடு இருந்தார். தலை முழுக்க நரை. நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்தது என்பது அவர் கையிலிருந்த முறுக்குச் சாவி விழுந்த விதத்திலேயே தெரிந்தது.

"வாங்கோ" என்றார். பெண்சாதியை ஆராவது அப்படி, ஊருக்கு வந்த அரசாங்க ஓவசியரைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிடுவார்களா? பிறகு உள்ளே பார்த்து, வீட்டுக்காரியைக் கூப்பிடுகிற குரலில், "இஞ்சருமப்பா, திருகோணமலையில இருந்து ஆக்கள் வந்திருக்கினம். தேத்தண்ணி போடும்" என்றார்.

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தார். அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கதிரைகளைத் துடைத்துப் போட்டார். எங்களை அவர் திருகோணமலையில் வாடி போட்ட காலத்தில் பழகின ஆட்கள் என்று நினைத்திருப்பார். சல்லிக்காரி கதிரையின் விளிம்பில் இருந்தாள். நான் என்னைத் தேற்றிக்கொள்ள ஒரு கணக்குப் போட்டேன்: பாதை பூட்டியிருந்த காலத்தில் மனிதர் இங்கே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டார், ஆண்களுடைய வழக்கம்தானே, சட்டப்படி எங்கள் ஆள்தான் பெண்சாதி. அப்போது ஒரு வாலிபன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். முன்னால் ஒரு சின்னப் பெண்பிள்ளை. "அப்பா, எஞ்சின் சரிவந்திட்டுதோ?" என்று கேட்டான். அவனுக்கு முப்பது வயதுக்குக் குறையாது. சல்லிக்காரியின் மகளுக்கு இருபத்திரண்டு.

என் கணக்கு அங்கேயே உடைந்தது.

பழக்க தோஷம், சும்மா இருக்க ஏலாதே எனக்கு. தேநீர் தந்த பெண்ணிடம் கேட்டேன். "அக்கா, உங்களுக்கு எப்ப எழுத்து முடிஞ்சது?"

"எழுத்தும் தாலியும் ஒரே நாளிலதான். முப்பத்திரண்டு வருஷமாச்சு" என்றார் அவர்.

எழுத்து என்றால் பதிவு. பதிந்த பெண்சாதி உயிரோடு இருக்கும்போது சல்லியில் இரண்டாவதாகப் பதிந்த கலியாணம் சட்டத்தில் கலியாணமே இல்லை. பதிவுப் புத்தகத்தில் எழுதியிருந்தாலும் செல்லாது. சல்லிக்காரியைப் பார்த்தேன். அவள் அந்த வாலிபனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மூக்கு அவள் மகளின் மூக்கு மாதிரி இருந்ததை நான் பிறகு மகளை நேரில் கண்டபோதுதான் அறிந்தேன். அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

அவள்தான் பேசினாள். "மகளுக்குக் கலியாணம். வீடு எழுதோணும். உங்கட கையெழுத்து வேணுமாம்."

அவர் கையைத் துணியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "எங்க வைக்கோணும்?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். நான் டைப் பண்ணிக்கொண்டு போன கடதாசியில் "மேற்படி பெண்ணின் சட்டபூர்வமான கணவனாகிய நான்" என்று தொடங்கியிருந்தது. அவர் வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். பொடியன் தகப்பனைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடல் பக்கம் போய்விட்டான்.

இரண்டு சாட்சி வேண்டும். ஒன்று நான். மற்றதற்கு ஆளில்லை. அந்த வீட்டுக்காரப் பெண் கடதாசியை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். வாய்க்குள் முணுமுணுத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். "சட்டபூர்வமான கணவனாகிய" என்ற இடத்தில் நின்றார். கிழித்துப் போடுவார், கத்துவார், எங்களைத் துரத்துவார் என்று பார்த்தேன். செய்திருந்தால் நியாயம்தான்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு வீடோ?" என்று சல்லிக்காரியிடம் கேட்டார்.

"ஓம்."

"எத்தினை வயசு?"

"இருபத்திரண்டு."

அவரும் கணக்குப் போட்டார். புருஷனை ஒருதரம் பார்த்தார். அவர் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பேனையைத் தாங்கோ" என்று வாங்கி, கடதாசியைக் கதிரையின் கையில் வைத்துக் கையெழுத்து வைத்தார். புருஷனின் பெயரைத்தான் முதலெழுத்தாகப் போடுவார்கள், எங்கள் பக்கத்திலும் அப்படித்தான். ஒரே கடதாசியில் இரண்டு பெண்களின் பெயருக்கு முன்னாலும் ஒரே ஆளின் எழுத்து இருந்தது. கொடுத்துவிட்டு அந்தப் பெண் குசினிக்குள் போனார். நாங்கள் படலை தாண்டும்வரை வெளியே வரவில்லை. உள்ளே சட்டி பானை அடிபடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அன்று யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தங்கிவிட்டு அடுத்த நாள் காலை பஸ் எடுத்தோம். பஸ் ஆனையிறவு தாண்டியது. அவள் யன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

"அக்கா, முதல் எழுத்து ஆருக்கோ அவதானே பெண்சாதி?"

வழக்கமாக என்றால் பாய்ந்து பதில் சொல்லியிருப்பேன். பஸ் இரண்டு தரிப்பிடம் தாண்டின பிறகுதான் "ஓம்" என்றேன்.

"அப்ப நான் அந்தச் சட்டத்துக்குள்ள போகேல்லையோ?"

"போகேல்லை."

"அப்ப இந்தக் கையெழுத்து தேவையில்லையோ?"

எவ்வளவு கெட்டிக்காரி! சட்டம் படிக்க வைத்திருக்க வேண்டும் இவளை. "தேவையில்லை தங்கச்சி. முதல் எழுதின உறுதியே செல்லும். ஆனா அதை ஆரும் ஏற்கோணுமெண்டா உங்கட கலியாணம் கலியாணமில்லை எண்டு நாங்கள் காட்டோணும். அவவின்ர விவாகச் சான்றிதழை எடுத்து வைக்கோணும்."

"பிள்ளையின்ர பிறப்புச் சான்றிதழில ஒரு கட்டம் இருக்கு, கண்டிருப்பியள்" என்றாள். "தாய் தகப்பன் விவாகமானவையோ எண்டு."

எனக்கு அந்தக் கட்டம் தெரியும். தினமும் கொப்பி எடுக்கிறேன். அதற்குக் கீழே ஆம் என்று இருக்கும், அல்லது இல்லை என்று இருக்கும்.

"கடதாசியைக் கசங்காம வையுங்கோ அக்கா" என்றாள். அதற்குப் பிறகு திருகோணமலைவரை தூங்கினாள், அல்லது கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான்தான் அழுதேன். என் பிழையான பதிலால்தான் அவள் அந்த முற்றத்தில் போய் இருக்க நேர்ந்தது. சரியாகச் சொல்லியிருந்தாலும் அங்கேதான் போயிருப்பாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது நிற்கவில்லை. கேட்க வந்ததைக் கேட்க விட்டிருந்தால் ஆற அமர யோசித்து, சேரிடம் போய், மெதுவாக ஒரு வழி பார்த்திருக்கலாமே. ஆறு கிழமை நெருக்குவாரத்தில் பூவும் வைத்துக்கொண்டு போயிருக்க மாட்டாளே.

புது உறுதி எழுதுகிற நாள் மகளும் வந்திருந்தாள். நன்கொடையை ஏற்கிற ஆளும் கையெழுத்து வைக்க வேண்டும். முன்பள்ளியில் படிப்பிக்கிற பிள்ளை, அமைதியானவள். சேர் சம்மதக் கடதாசியை இரண்டுதரம் வாசித்தார். "இந்த ரெண்டாம் சாட்சி ஆர்? உங்கட முதலெழுத்துத்தான் இவவுக்கும் இருக்கு."

"அவருக்குச் சொந்தக்காரர்" என்றாள் சல்லிக்காரி. அது பொய்யில்லை.

சேர் என்னைப் பார்த்தார். பதினெட்டு வருடம் பார்த்த பார்வை. அவருக்கு ஏதோ மணந்திருக்க வேண்டும். பிறகு அவளிடம் திரும்பி, "இவர் உங்கட சட்டபூர்வமான கணவர்தானே? போனமுறை மாதிரி இல்லாம உண்மையைச் சொல்லோணும்" என்றார்.

"ஓம் சேர்" என்றாள். குரல் தெளிவாக இருந்தது. மகள் பக்கத்தில் இருந்தாள். நான் சாட்சிக் கையெழுத்து வைத்தேன். ஊரெல்லாம் சட்டம் சொன்ன நான், தெரிந்துகொண்டே வைத்தேன். வெட்கமும் இருந்தது, வைக்காமல் விட்டிருந்தால் என்னை நானே மன்னித்திருக்க மாட்டேன் என்பதும் இருந்தது.

மகள் கையெழுத்து வைக்குமுன் அந்தச் சம்மதக் கடதாசியை எடுத்துப் பார்த்தாள். தகப்பனின் கையெழுத்தை அவள் வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்க்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வயதில் விட்டுவிட்டுப் போனவர்.

வெளியே வந்து படியில் செருப்புப் போடும்போது அவள் தாயிடம் கேட்டாள். "கோயிலுக்கெண்டு போனது இதுக்குத்தானோ அம்மா? அப்பாவைக் கண்டனீங்களோ?"

"ஓம்."

"என்னைப் பற்றிக் கேட்டவரோ?"

"கேட்காம இருப்பாரோ? எத்தினை வயசு, என்ன படிச்சவள், மாப்பிள்ளை எப்பிடி எண்டு எல்லாம் கேட்டவர். கலியாணத்துக்கு வரட்டோ எண்டும் கேட்டவர். நான்தான் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்."

பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. தாயின் மேல் கோபமா சந்தோசமா என்று சொல்ல ஏலாத ஒரு முகம். என் பக்கம் திரும்பினாள்.

"ஓமோ அன்ரி? அப்பா அப்பிடிக் கேட்டவரோ?"

சல்லிக்காரி செருப்பு வாரைக் குனிந்து மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஓம் பிள்ளை" என்றேன். "ரெண்டுதரம் கேட்டவர்."